உன் மாமனாரின் ஜப்பான் மேப்பிள்

தம்பி,

இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று நான் முன்பே சொன்னேன். உன் மாமனாரின் ஜப்பான் மேப்பிளைச் சாடியோடு காரிலிருந்து இறக்கி எங்கள் வோபர்ன் வீட்டு வாசலில் நீ வைத்த அன்றைக்கே உன் அம்மாவின் காதில் போட்டேன், இந்த மரம் ஒரு குளிர்காலத்துக்கு மேல் தாங்காது, இதனால் வீட்டுக்குள் மனக்கசப்பும் வரும் என்று. அம்மாவைக் கேட்டால் அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்பாள். அவளுக்கு இப்போது மறதி கூடிவிட்டது. முப்பதுக்கு மேற்பட்ட குளிர்காலங்களை இந்தக் கனடாவில் கண்டவன் நான். ரிவியில் வானிலைப் படம் போட்டுக் காட்டுவதற்கு முதல்நாளே என் இடது முழங்கால் பனி வருவதைச் சொல்லிவிடும். பக்ரறியில் வேலை செய்த காலத்தில் பட்டம் வாங்கிய எஞ்சினியர்மார்கூட மெஷின் சத்தம் மாறினால் முதலில் என்னைத்தான் தேடி வருவார்கள். எட்டாம் வகுப்போடு நின்ற மனுசன் என்று நீ கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரிப்பது எனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பு. அதிலும் அரைவாசி.

ஆனால் நான் சொன்னது பலித்துவிட்டது என்று நெஞ்சை நிமிர்த்த இதை எழுதவில்லை. போன சனிக்கிழமை உன் பிக்கரிங் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்ததை நீ இதற்குள் மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. மார்க்கம் நகரில் இருக்கும் வீட்டை விற்றுவிட்டு அப்பார்ட்மென்றுக்குப் போகப்போகும் உன் மாமி, தன் மகள் தர்சிகாவைப் பார்த்து, "அப்பான்ர பெரிய மேப்பிள் ஒண்டு இன்னும் நிக்குது, பிள்ளை. அங்கை பல்கனியிலை வைக்க விடமாட்டினமாம். நீ கொண்டுபோறியே?" என்று கேட்டார். தர்சிகா கரண்டியைச் சட்டிக்குள் விட்டுவிட்டு, "வேண்டாம் அம்மா. என்னட்டைத் தராதேங்கோ" என்றாள். அத்தோடு நீ விட்டிருக்கலாம். "இவவிட்டைக் குடுக்கிறதும் ஒண்டுதான், ஸ்னோவுக்குள்ளை எறியிறதும் ஒண்டுதான், மாமி. முதல் மரத்துக்குச் செய்தது காணும்" என்றாய். மேசையில் சிரிப்பு எழுந்தது. அதில் சத்தமாகச் சிரித்தவன் நான். மாமி மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப சரி. எங்கட றோட்டிலை ஒரு வெள்ளைக்காரர் கேட்டவர். அடுத்த கிழமை ஞாயிறு வந்து எடுக்கச் சொல்லுறன்" என்றார். உன் மனைவி தேத்தண்ணி வைக்கிறேன் என்று எழுந்து போனாள். கேத்தல் கொதித்து அடங்கிய பிறகும் அவள் குசினியிலிருந்து வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அதற்குள் நீ இதை வாசித்து முடிக்க வேண்டும்.

உன் மாமனாரை எனக்குப் பிடிக்காது. செத்த மனுசனைப் பற்றி இப்படி எழுதக் கூடாதுதான், ஆனால் இனிமேல் உன் முன்னால் நடிக்க எனக்குத் தெம்பில்லை. ஊரில் நில அளவையாளராக இருந்தவர், இங்கேயும் கதிரையில் இருந்து வேலை பார்த்தவர், ஒருநாளும் குரலை உயர்த்தாதவர். உன் கலியாணத்துக்கு முன் அவர்கள் வீட்டுக்கு முதல்முறை போனபோது, எங்கள் முன்னறையில் நிற்கும் கறிவேப்பிலை கூரையைத் தொடுகிறது, ஸ்காபரோவில் பாதிப் பேரின் ரசத்தில் மிதப்பது என் வீட்டு இலைதான் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். கூரையை அது இன்னும் தொடவில்லை, தொடும். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னைப் பின்வளவுக்குக் கூட்டிப்போய்த் தன் மேப்பிள்களைக் காட்டினார். விரல் விரலாகப் பிரிந்த சிவப்பு இலைகள், வெயில் பட்டால் விளக்குக்குள் இருந்து எரிவது போல இருந்தன. "உங்கட கறிவேப்பிலை வெக்கைக்குப் பிறந்த பிள்ளை, அண்ணை. இது வேறை மாதிரி. குளிரிலை நித்திரை கொள்ள விடவேணும். எழுப்பினால் கோவிச்சுக்கொண்டு போயிடும்" என்றார். சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்கு அது, உனக்கு ஒன்றும் தெரியாது என்று முகத்துக்கு நேரே சொன்னது போலப் பட்டது. அவர் அப்படி நினைத்தே இருக்கமாட்டார். அதுதான் எனக்கு இன்னும் கசந்தது.

அவர் காலமான வருடம் நீங்கள் இருவரும் பிக்கரிங்கில் வாங்கிய புது வீடு கட்டி முடியாமல் இழுபட்டது. மாசி, பங்குனி என்று தள்ளிக்கொண்டே போனார்கள். அந்தக் குளிர்காலம் தொடங்கி ஆனி முடியும்வரை எங்களோடு இருந்தீர்கள். தர்சிகா தகப்பனின் நினைவுக்கென்று சின்ன மேப்பிளைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். சாடியில் நிற்கும் மரத்துக்கு நிலத்தில் நிற்கும் மரத்தைவிடக் குளிர் அதிகம், நிலத்தின் சூடு வேருக்குக் கிடைக்காது என்று அவள்தான் அம்மாவுக்கு விளக்கினாள். சாடியைச் சாக்கால் சுற்றி, எங்கள் கராஜின் மூலையில், சுவரோரமாக, காற்றுப்படாத இடத்தில் வைத்தாள். தகப்பன் கையால் எழுதிக் கொடுத்த தாள் ஒன்றையும் பக்கத்துச் சுவரில் ஒட்டினாள். முத்து முத்தான எழுத்து. இலை முழுக்கக் கொட்டிய பிறகு உள்ளே எடுக்கவும். ஹீற்றர் வேண்டாம். மண் காய்ந்தால் ஒரு பிடி பனி போடவும். உறைபனி முற்றாக விடும்வரை வெளியே எடுக்க வேண்டாம். நான் அந்தத் தாளுக்கு முன்னால் நின்று, "பிள்ளைக்குச் சோறு தீத்திற மாதிரி மரத்துக்குப் பனி தீத்திற மனுசனை இப்பதான் காணுறன்" என்றேன். நீ சிரித்தாய். அவள் சிரிக்காமல், "அது கரைஞ்சு மெல்ல மெல்ல இறங்கும், மாமா" என்றாள்.

தை மாதம் நீங்கள் அவருடைய ஆட்டத்திவசத்துக்கு, முதலாம் வருடத் திதிக்கு, ஊருக்குப் போனீர்கள். ஒரு மாதம். போகும்போது தர்சிகா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மாமா, மண்ணை மட்டும் பாருங்கோ. வேற ஒண்டும் செய்ய வேண்டாம்." அந்த 'வேற ஒண்டும்' எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் போன மூன்றாம் நாள் குளிர் மைனஸ் இருபத்தைந்தோ முப்பதோ, எப்படியோ, மூக்கு மயிர் உறையும் குளிர். நான் கராஜுக்குள் போய்ப் பார்த்தேன். ஒரு இலை இல்லாமல், விறகுக் கட்டு மாதிரி, அந்த மரம் நின்றது. வருடம் தவறாமல் புரட்டாசி முடிய முன்னர் நான் கறிவேப்பிலையை உள்ளே எடுத்துவிடுவேன். இங்கே இருக்கிற நம்முடைய ஆட்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம், குளிரில் ஒன்றையும் வெளியில் விடமாட்டோம், பிள்ளைகளையும் விடமாட்டோம். சாக்கை அவிழ்த்து, சாடியைத் தூக்கி, முன்னறையில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில், தரையிலிருந்து சூடு வரும் துவாரத்துக்கு நேரே வைத்தேன். அம்மா குசினியிலிருந்து பார்த்து, "அந்தப் பிள்ளை ஒண்டும் செய்ய வேண்டாம் எண்டெல்லே சொன்னது" என்றாள். "உனக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும்" என்றேன்.

மூன்று கிழமையில் மொட்டு வெடித்தது. வெளியே பனி இடுப்பளவு, முன்னறையில் ஒரு ஜப்பான் மேப்பிள் சிவப்பாகத் துளிர்க்கிறது. என் வாழ்நாளில் நான் அவ்வளவு பெருமைப்பட்டது நீ பல்கலைக்கழகம் முடித்த நாளில் மட்டும்தான், அதுவும் இதைவிடக் கொஞ்சம் குறைவு. பக்கத்து வீட்டு யோகம் அன்ரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அண்ணை, நீங்கள் தொட்டால் வீடு கூட்டுற தும்புக்கட்டையும் துளிர்க்கும் போலை" என்றார். நீங்கள் வந்ததும் தர்சிகாவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து காட்ட வேண்டும், "உன் அப்பாவுக்குத் தெரியாத வித்தை ஒன்று உன் மாமாவுக்குத் தெரியும்" என்று அவளிடம் ஒரு சொல் சொல்லவேண்டும் என்று வசனம்கூடத் தயாரித்து வைத்திருந்தேன். பிறகு நீங்கள் வரும் நாள் வந்தது. எயார்போட்டிலிருந்து நீ ஃபோன் எடுத்தாய். அந்த நேரத்தில்தான் எனக்குப் பயம் பிடித்தது. அவள் சொன்னதைக் கேட்கவில்லை என்பது மட்டும்தான் அப்போது மனதில் நின்றது. சாடியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய மூலையில் வைத்து, சாக்கைப் பழையபடி சுற்றி, அது என்னுடைய வேலை இல்லை என்பது போல வந்து கதிரையில் இருந்தேன். மறுநாள் காலை போய்ப் பார்த்தபோது அந்தச் சின்னஞ்சிறு இலைகள் எல்லாம் ஊறின தேயிலை மாதிரிக் கறுத்துத் தொங்கின. ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஜக்கெற் பொக்கற்றுக்குள் போட்டேன். நித்திரையில் இருந்த மரத்தை எழுப்பி, உடுப்பில்லாமல் வெளியே நிறுத்தினேன் என்று இப்போது விளங்குகிறது. இதை நான் உனக்கு இதுவரை சொன்னதில்லை.

வைகாசி நடுப்பகுதியில் சாடியை முற்றத்துக்கு எடுத்தாள். அயலில் எல்லாம் துளிர்த்துவிட்டது. அவள் பொறுத்தாள், ஜப்பான் மேப்பிளுக்கு ஆனி மாதம்வரை தவணை கொடுக்க வேண்டும் என்று அப்பா சொல்லுவார் என்றாள். ஆனியில் ஒரு நாள் பின்னேரம் குந்தியிருந்து கொப்பின் பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டினாள். உயிர் இருந்தால் உள்ளே பச்சை தெரியும். மண்ணிறம். கொஞ்சம் கீழே சுரண்டினாள், மண்ணிறம். இன்னும் கீழே, ஒட்டுக்கட்டிய இடம்வரை, சாடி விளிம்புவரை சுரண்டிக்கொண்டே போனாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "மாமா, நான் என்ன பிழை விட்டனான்?" என்று கேட்டாள். யார் பிழை விட்டது என்று அவள் கேட்கவில்லை, கவனி. நீ அப்போதுதான் வேலையால் வந்து பின்னால் நின்றாய். நான் அவளிடம் சொன்னேன், ஊரிலிருந்து வந்த மறுநாள், திங்கட்கிழமை காலை, அவள் கராஜின் பக்கக் கதவைத் திறந்து மரத்தைப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தாமல் வேலைக்குப் போய்விட்டாள், நான் பின்னேரம் பார்க்கும்போது வடமேல் காற்றில் கதவு அடித்துக்கொண்டு கிடந்தது, சாடியில் முழங்காலளவு பனி, பனியின் மேல் ஒரு பூனையின் கால்தடம்கூட இருந்தது என்று.  பிரயாணக் களைப்பில் இருந்த நாள் அது. "இருக்கும், மாமா. எனக்கு அண்டைக்கு ஒண்டும் ஞாபகமில்லை" என்றாள். ஆகவே, அரைவாசிப் பிழை மரத்தை உள்ளே கொண்டுபோன என்னுடையது, மற்ற அரைவாசி அந்தத் திறந்த கதவுடையது என்று இந்த இடத்தில் கடிதத்தை முடித்துவிடத்தான் முதலில் நினைத்தேன்.

நீ ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் குளிர்கால முகாமுக்குக் கூட்டிப்போனார்கள், ஞாபகம் இருக்கிறதா? இரண்டு நாள் காட்டுக்குள், மரக் குடிலில். நீ ஒரு கிழமைக்கு முதலே பையை அடுக்கிவிட்டாய். எனக்கு உன்னைக் குளிருக்குள் விடப் பயம். அதை அப்படியே சொல்ல வெட்கம். அதனால் ரீச்சருக்கு ஃபோன் எடுத்து உனக்கு இளைப்பு வருத்தம், ஆஸ்துமா, என்றேன். சொன்னால் சரியாகச் சொல்ல வேண்டுமே, டொக்டர் பம்ப் கொடுத்திருக்கிறார், போன குளிருக்கு ஆசுபத்திரியில் கிடந்தவன் என்று அதற்கும் கைகால் வைத்தேன். அந்த வருடம் முழுக்கப் பனி விழுந்தால் உன்னை வெளியில் ஓடவிடாமல் உள்ளே இருத்தினார்கள். நீயும் நெஞ்சைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தாய். வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் சின்னனில் தனக்கு இளைப்பு இருந்தது என்று நீ ஆட்களுக்குச் சொல்லக் கேட்டிருக்கிறேன். உனக்கு ஒருநாளும் இளைப்பு இருந்ததில்லை, தம்பி. உன் நெஞ்சில் ஒரு குறையும் இல்லை.

இப்போது உன் வீட்டைப் பார். கார் றோட்டு முனைக்குப் போன பிறகும், கதவைப் பூட்டினேனோ என்று அவள் திருப்பச் சொல்லுகிறாள். நீ பெருமூச்சு விட்டுத் திருப்புகிறாய். போன மாதம் கோயிலுக்குப் போகும்போது இரண்டு தரம் திரும்பினீர்கள், நான் பின் ஸீற்றில் இருந்தேன். இரண்டு தரமும் கதவு பூட்டித்தான் இருந்தது. நீ, "உன்னை நம்பேலாது" என்றாய், பகிடி போல. அடுப்பு, தண்ணீர்க் குழாய், காசோலையில் கையெழுத்து, எல்லாவற்றையும் உன்னிடம் காட்டிச் சரிபார்க்கிறாள். நில அளவையாளரின் மகள், கணக்கில் என்னைப் போன்ற நூறு பேரை விற்று வாங்கக்கூடிய பிள்ளை. உன் வீட்டு ஜன்னலோரத்தில் ஒரு செடி இல்லை. ஒருத்தரைச் சபையில் வைத்துச் சிரித்துச் சிறிதாக்கும் வித்தையை நீ எங்கே பழகினாய் என்று எனக்குத் தெரியும், என் வீட்டில்தான். பழக்கிய நான் உன்னைத் திட்டுவது அழகில்லை. ஆனாலும் திட்டுகிறேன். அது உனக்கு நல்லதற்கில்லை. முப்பத்தெட்டு வருடமாக நான் பகிடி விட்டதில் உன் அம்மா என்னோடு கதைப்பதையே பாதி நிறுத்திவிட்டாள். சனிக்கிழமை அவளும் நானும் பிக்கரிங்கிலிருந்து திரும்பினோம். எங்கள் வீட்டு வாசலில் கார் நின்ற பிறகு, பெல்ற்றைக் கழற்றாமலே, "அந்தப் பிள்ளை தன்ர கையைத் தானே நம்பாமல் போட்டுது. தேப்பன்ர மரத்தை வேண்டாம் எண்டுது. நீங்கள் சொல்லுறியளோ, இல்லாட்டி நான் சொல்லட்டோ?" என்றாள். நான் சொல்லுகிறேன் என்றேன். "எல்லாத்தையும்" என்றாள். இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்பிய கையோடு நம்முடைய குடும்ப வாட்ஸ்அப்பிலும் போடப் போகிறேன். அந்தத் திறந்த கதவுக் கதையை அங்கே உள்ள எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன், பூனையின் கால்தடம் உட்பட.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன் உன் மாமிக்கு ஃபோன் எடு. வெள்ளைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கச் சொல். மரத்தை நீயே போய் எடு, இரண்டு பேர் தூக்க வேண்டும், நான் வருகிறேன், வேண்டாம் என்றால் வரவில்லை. உன் வீட்டின் கிழக்குப் பக்கம் அதற்கு நல்லது, வடமேல் காற்றுக்கு வீடே மறைப்பாக நிற்கும். பனி கரையப் பாதைக்கு உப்புப் போடும் பக்கத்தில் வைக்காதே, அந்த உப்பு வேரைத் தின்னும். இந்தக் குளிர் சாடியிலேயே, சூடேற்றாத கராஜில் நிற்கட்டும், வசந்தத்தில் நிலத்தில் இறக்கலாம். பிறகு வரும் குளிர்களுக்கு நிலம் உறைய முன்னர் நன்றாகத் தண்ணீர் விட்டு, அடியில் மரத்தூள் பரப்ப வேண்டும், ஆனால் தண்டில் முட்டக் கூடாது. முயல் பட்டையைக் கடிக்காமல் கம்பிவலை போட வேண்டும். சாக்குத்தான் சுற்றலாம், பொலித்தீன் கூடாது, வெயில் அடித்தால் உள்ளே அவிந்துவிடும். ஆவணிக்குப் பிறகு பசளை போட்டால் இளங்கொழுந்து விட்டு, அது குளிரில் கருகும். இதெல்லாம் என் மூளையில் உதித்தது என்று வேறு நேரமாக இருந்தால் எழுதியிருப்பேன். எல்லாம் அந்த மனுசனின் தாளில் இருந்ததும், உன் மனைவி அம்மாவுக்குச் சொல்லக் கேட்டதும். நீ இதில் ஒன்றையும் செய்யாதே. செய்யத் தெரிந்தவளிடம் விடு. பக்கத்தில் நின்று தூக்கச் சொன்னதைத் தூக்கு.

நீங்கள் ஊரிலிருந்து வந்த மறுநாள், அந்தத் திங்கட்கிழமை, கராஜ் கதவு திறந்து கிடக்கவில்லை. காற்றும் இல்லை, பனியும் உள்ளே போகவில்லை, பூனையும் இல்லை. அதற்கு முன்னமே மரம் செத்துவிட்டது. அவள் காலையில் உள்ளே போய், சாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்து, கதவை இழுத்துச் சாத்தினாள், பூட்டினாள், பூட்டியது சரியோ என்று கைப்பிடியைப் பிடித்து இரண்டு தரம் இழுத்தும் பார்த்தாள். நான் குசினி ஜன்னலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா